தெரியாததை வரையாதே! (ஏழை கன்சோல்கள் முப்பரிமாணம் காட்டிய கதை)

ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு. கடைசியில எழுத வச்சது ஒரு சிரிப்பு. என்னோட சிரிப்புதான்.

நான் வேலை பார்க்கிற கம்பெனியில (பேர் வேண்டாம், அடுத்த மாசமும் சம்பளம் வரணும் :-)) வீடு வீடா சாமான் கொண்டு போய்க் கொடுக்கிற பசங்களுக்காக ஒரு ஆப் செய்யறோம். போன மாசம் ஒரு புகார் வந்துச்சு. 2 ஜிபி ராம் இருக்கிற பழைய போன்ல மேப்பைத் தொட்டா திக்கித் திக்கி நகருது, வண்டியை ஓரங்கட்டி நின்னுக்கிட்டு காத்திருக்க வேண்டியிருக்குன்னு. மீட்டிங்ல ஒருத்தர் சொன்னார், "அதெல்லாம் ஓட்டை போன். நல்லதா ஒண்ணு வாங்கிக்கச் சொல்லுங்க." எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்.

ராத்திரி படுத்தா அந்தச் சிரிப்பு உறுத்துச்சு. சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1990-ல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் ஃபேமிகாம் (வெளிநாட்டில் சூப்பர் நின்டெண்டோ) கன்சோலில் இருந்த வேலை நினைவகம் 128 கிலோபைட். அந்த 'ஓட்டை போன்'ல இருக்கிறது அதைப் போல 16,384 மடங்கு. அந்த 128 கிலோபைட்டை வச்சுக்கிட்டு சில பேர் முப்பரிமாண விண்வெளியில கப்பல் ஓட்டிக் காட்டியிருக்காங்க. நாம ஒரு மேப்பை நகர்த்த முடியாம போன் மேல பழி போடறோம்.

அதனால இந்தப் பதிவு அந்தச் சில பேரைப் பத்தி.

* * *

முதல்ல அந்தக் காலத்துக் கன்சோல் எப்படிப் படம் காட்டும்னு பார்த்துடலாம். மஞ்சள் கலர் கேசட்டை ஊதி ஊதிச் சொருகி விளையாடின கோஷ்டிக்கு இது சுலபமாப் புரியும். அந்த மெஷின்கள் புள்ளி புள்ளியா படம் வரையறதில்லை. ரப்பர் ஸ்டாம்ப் குத்துற மாதிரிதான். 8-க்கு 8 புள்ளி அளவுல சின்னச் சின்ன டைல்கள் நினைவகத்துல இருக்கும். "இந்தக் கட்டத்துல ஏழாம் நம்பர் டைல், பக்கத்துல பன்னிரண்டாம் நம்பர்" என்று ஒரு பட்டியல் கொடுத்தா போதும், படச் சில்லு குத்தித் தள்ளிடும். மரியோ ஓடுற செங்கல், மேகம், குழாய் எல்லாமே ஸ்டாம்ப்தான். இந்த வேலைக்கு அது அசுர வேகம்.

ஆனா முப்பரிமாணம்னா ஸ்டாம்ப் உதவாது. ஒரு முக்கோணம் சுழன்றுக்கிட்டே கிட்ட வருதுன்னா ஒவ்வொரு முறையும் அதன் உருவம் மாறும். ஒவ்வொரு புள்ளியையும் கணக்குப் போட்டு வைக்கணும். இப்ப கணக்கைப் பாருங்க. சூப்பர் நின்டெண்டோவின் திரை 256-க்கு 224. மொத்தம் 57,344 புள்ளி. பிராசஸர் வேகம் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ். டிவி நொடிக்கு 60 படம் காட்டும். அப்படின்னா ஒரு படத்துக்கு பிராசஸருக்குக் கிடைக்கிற துடிப்புகள் கிட்டத்தட்ட 60,000. ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு துடிப்பு! அந்தப் பிராசஸருக்கு ஒரு சாதாரண கூட்டல் போடவே ரெண்டு மூணு துடிப்பு வேணும். விளையாட்டோட மத்த வேலையெல்லாம் யார் பார்க்கிறது?

நின்டெண்டோகாரங்க ஒரு குறுக்கு வழி வச்சிருந்தாங்க. அதுக்குப் பேர் மோட் 7. ஒரே ஒரு பின்னணிப் படத்தை மட்டும் சுழற்றலாம், பெருசு சிறுசு பண்ணலாம். டிவி கோடு கோடா மேலேயிருந்து கீழே வரையுது இல்லையா, ஒவ்வொரு கோட்டுக்கும் அந்தப் பெருக்கத்தை மாத்திக்கிட்டே வந்தா, தட்டையான படம் தரையில விரிச்ச ஜமுக்காளம் மாதிரி தூரத்துல குறுகித் தெரியும். கன்சோலோட சேர்ந்தே 1990-ல் வந்த எஃப்-ஜீரோ கார் பந்தயம் முழுக்க இந்த வித்தைதான். பார்த்தவங்க வாயைப் பிளந்தாங்க. ஆனா அது ஜமுக்காளம் மட்டும்தான். அதன்மேல ஒரு சுவரோ, மேடோ எழுப்ப முடியாது.

இங்கதான் லண்டன் பசங்க வர்றாங்க. ஜெஸ் சான் என்பவர் டீன் ஏஜ்ல ஆரம்பிச்ச ஆர்கோனாட் கம்பெனி. நின்டெண்டோவின் கையடக்க கேம் பாய்ல யாரும் கேட்காமலேயே முப்பரிமாணக் கோட்டுருவங்களை ஓட விட்டுக் காட்டினாங்க (அது பின்னால 1992-ல் ஜப்பானில் 'எக்ஸ்' என்ற விளையாட்டா வந்தது). நின்டெண்டோ அசந்து போய், சூப்பர் நின்டெண்டோவுல என்ன முடியும்னு கேட்டப்ப ஜெஸ் சான் கொடுத்த பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இருக்கிற மெஷின்ல இதுக்கு மேல வராது, வேணும்னா எங்களை ஒரு சில்லு செய்ய விடுங்க என்கிற அர்த்தத்துல சொன்னார். அப்ப அவங்க சாஃப்ட்வேர் கம்பெனி. தைரியம்தான்!

அப்படிப் பொறந்ததுதான் சூப்பர் எஃப்.எக்ஸ் சில்லு. கன்சோலுக்குள்ள இல்லை, கேசட்டுக்குள்ள. சுமார் 10.7 மெகாஹெர்ட்ஸ் வேகம். கன்சோலை விட கேசட்டுக்கு மூளை அதிகம்! 1993 பிப்ரவரியில் ஸ்டார் ஃபாக்ஸ் வெளிவந்தது. மியாமோட்டோவின் குழுவோட உட்கார்ந்து நிரல் எழுத டிலன் கத்பர்ட், ஜைல்ஸ் காடர்ட் மாதிரி ஆர்கோனாட் இளைஞர்கள் கியோட்டோவுக்கே போனாங்க.

"சில்லு போட்டா யாருக்குத்தான் வராது?" என்று நானும் நினைச்சிருக்கேன். அது தப்பு. சில்லு வரைஞ்சு முடிச்சாலும் அந்தப் படத்தை கன்சோலோட பட நினைவகத்துக்கு அனுப்பணும். டிவியோட கதிர் கீழே முடிச்சு மேலே திரும்பிப் போற அந்தக் கண நேரத்துலதான் அனுப்ப முடியும். அதுல போறது சுமார் 6 கிலோபைட். 16 நிறத்துல முழுத்திரைப் படம் 28 கிலோபைட். அஞ்சு தவணையில அனுப்பணும்! அதான் ஸ்டார் ஃபாக்ஸ்ல படத்தைச் சுத்திக் கறுப்புப் பட்டை. வரைய வேண்டிய இடமும் குறைஞ்சுது, அனுப்ப வேண்டிய சரக்கும் குறைஞ்சுது. அப்படியும் நொடிக்கு 15 படத்தை ஒட்டித்தான் ஓடும்.

அதுல அவங்க எதையெல்லாம் வரையலைன்னு பாருங்க. கப்பல்கள் பெரும்பாலும் ஒரே நிறத் தகடுகள், மேல டெக்ஸ்சர் கிடையாது. தூரத்து மலையும் வானமும் பழைய ஸ்டாம்ப் படம்தான், கப்பல் சாய்ஞ்சா அதையும் சேர்த்துச் சாய்ச்சு விட்டுடறாங்க. பாதி ஆட்டம் விண்வெளியில. விண்வெளின்னா கறுப்பு. கறுப்பை வரைய காசு கேட்காது! கப்பல் எப்பவும் முன்னால மட்டும்தான் போகும், நினைச்ச இடத்துக்குத் திரும்ப முடியாது. கதைக்காக வச்சது மாதிரி தெரியும் எல்லாத்துக்கும் பின்னால ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கு.

* * *

அடுத்த கதை எனக்கு ரொம்ப நெருக்கமானது. சக்தி இல்லாத கன்சோல், சக்தி வாய்ந்த கம்ப்யூட்டருக்குப் பாடம் எடுத்த கதை.

1992-ல் ஐடி சாஃப்ட்வேர் பிசிக்கு வுல்ஃபன்ஸ்டைன் முப்பரிமாண விளையாட்டை விட்டாங்க. ஜான் கார்மாக் நிரல் எழுதினது. திரையில எத்தனை செங்குத்து வரிசை இருக்கோ, ஒவ்வொண்ணுக்கும் இருட்டுல டார்ச் அடிக்கிற மாதிரி ஒரு கோடு விட்டு, எந்தச் சுவர்ல முட்டுதுன்னு பார்க்கணும். பிசியில பறந்துச்சு. சூப்பர் நின்டெண்டோவுக்கு மாத்தற வேலையை வெளியாளுக்குக் கொடுத்தது நடக்கலை. 1993-ல், டூம் வேலையை நிறுத்திட்டு இவங்களே சில வாரத்துல முடிக்க வேண்டியதாப் போச்சு. இந்தக் கேசட்ல எஃப்.எக்ஸ் சில்லும் கிடையாது. டார்ச் முறை அங்க ஊர்ந்துச்சு.

கார்மாக் கையில எடுத்தது ஒரு பழைய கட்டுரை. 1980-ல் ஃபுக்ஸ், கெடெம், நெய்லர் என்ற மூணு பேர் எழுதினது. அதுக்கு மூலமான யோசனை 1969-லேயே விமானப் பயிற்சி சிமுலேட்டர் ஆராய்ச்சியில வந்தது. பி.எஸ்.பி மரம்னு பேர். பயமுறுத்துற பேர், ஆனா விஷயம் எளிது.

ஒரு வீட்டை எடுத்துக்கோங்க. நடுச்சுவர் ஒண்ணை ரெண்டு பக்கமும் நீட்டி வீட்டை ரெண்டாப் பிரிங்க. நீங்க சுவருக்கு இந்தப் பக்கம் நிக்கறீங்க. இப்ப இந்தப் பக்கத்துல இருக்கிற பீரோ அந்தப் பக்கத்துக் கட்டிலை மறைக்கலாம். அந்தப் பக்கத்துக் கட்டில் இந்தப் பக்கத்துப் பீரோவை ஒருக்காலும் மறைக்க முடியாது. அவ்வளவுதான்! ஒவ்வொரு பாதியையும் இன்னொரு சுவரை வச்சு மறுபடி பிரிங்க, மறுபடி பிரிங்க. கடைசியில ஒரு மரம் மாதிரி பட்டியல் கிடைக்கும். நீங்க எங்க நின்னாலும், எது கிட்ட, எது தூரம்னு ஒவ்வொரு முறையும் அளக்கவே வேண்டாம். மரத்துல "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா" என்று கேட்டுக்கிட்டே இறங்கினா வரிசை தானா வரும்.

முக்கியமான விஷயம், அந்தப் பிரிக்கிற வேலை விளையாட்டு ஓடும்போது நடக்கறதில்லை. முன்கூட்டியே, பெரிய மெஷின்ல, ஒரே ஒரு தடவை. ஏழைக் கன்சோல் விடையை மட்டும் படிச்சா போதும். கூடவே ஒரு சின்னப் படத்தை வரைஞ்சு, அதை மோட் 7 வச்சு ரெண்டு மடங்காப் பெருசாக்கிக் காட்டினாங்க. ஜமுக்காளம் விரிக்க வச்சிருந்த வித்தை இங்க பூதக்கண்ணாடி ஆயிடுச்சு. 1994-ல் கேசட் வந்தது.

கன்சோலுக்காகக் கத்துக்கிட்ட அந்த மரத்தை கார்மாக் அப்படியே டூமுக்குக் கொண்டு போனார். 1993 டிசம்பர் 10-ல் டூம் வந்து உலகத்தையே புரட்டிப் போட்டது. டூம் கிட்ட இருக்கிற சுவர்லேர்ந்து ஆரம்பிச்சு வரையும். ஒரு செங்குத்து வரிசையை ஒரு முழுச்சுவர் அடைச்சாச்சுன்னா அதுக்குப் பின்னால இருக்கிற எந்தச் சுவருக்கும் அங்க அனுமதி இல்லை. எல்லா வரிசையும் அடைஞ்சா கடையைச் சாத்திடும். நம்ம ஊர்ல சினிமா போஸ்டர் மேல போஸ்டர் ஒட்டுவாங்களே, தெரியறது மேல இருக்கிற ஒண்ணுதான், கீழ இருக்கிற பத்துக்கும் போட்ட பசை தண்டம். டூம் சுவர் விஷயத்துல ஒரே போஸ்டர்தான் ஒட்டும்.

விலையும் உண்டு. மரம் முன்கூட்டியே செஞ்சதால சுவர்கள் பக்கவாட்டுல நகர முடியாது. வுல்ஃபன்ஸ்டைன்ல பக்கவாட்டுல வழுக்கித் திறந்த கதவெல்லாம் டூம்ல ஷட்டர் மாதிரி மேலே போகும். கவனிச்சிருக்கீங்களா? டூம் கதவுகள் மேலே போறது ஸ்டைலுக்காக இல்லீங்க.

அப்புறம் அந்த டூமே சூப்பர் நின்டெண்டோவுக்குத் திரும்பி வந்தது தனிக் கூத்து. ரேண்டி லிண்டன்னு ஒருத்தர், ஐடியோட மூல நிரல் கையில இல்லாம, தானாவே 'ரியாலிட்டி' என்ற எஞ்சினை எழுத ஆரம்பிச்சார். ஒரு அமிகா கம்ப்யூட்டரோட, மாத்தி வயரிங் செஞ்ச ஸ்டார் ஃபாக்ஸ் கேசட்டை இணைச்சு சோதனை. ஓடினப்புறம்தான் தான் வேலை பார்த்த ஸ்கல்ப்சர்ட் சாஃப்ட்வேர் ஆளுங்ககிட்ட காட்டினார். 1995-ல் எஃப்.எக்ஸ்-2 சில்லோட கேசட் வந்தது. பிசியில சுமார் 11 மெகாபைட் தரவு, கேசட்ல மொத்த இடமே 2 மெகாபைட். தரைக்கும் கூரைக்கும் டெக்ஸ்சர் போச்சு, வெறும் நிறம். அரக்கர்களுக்கு முகம் மட்டும்தான், முதுகு கிடையாது, எந்தப் பக்கம் போனாலும் உங்களையே முறைப்பாங்க. 27 கட்டத்துல 22 மட்டும். அழகுன்னு சொல்ல மாட்டேன். படம் மங்கல், ஓட்டமும் மந்தம். ஆனா அது டூம். வீட்ல பிசி வாங்க வசதியில்லாத பையனுக்கு அது டூம். லிண்டன் 2020-ல் மூல நிரலைப் பொதுவுல வச்சிட்டார்.

* * *

கடைசியா பிளேஸ்டேஷன். 1994 டிசம்பர்ல ஜப்பானில் வந்தது. 33.8 மெகாஹெர்ட்ஸ், 2 மெகாபைட் நினைவகம். முன்னதுகளை விட பணக்காரன்தான். ஆனா முக்கோணங்கள்ல எது முன்னால எது பின்னாலன்னு புள்ளிவாரியா பார்த்துச் சொல்ற இசட்-பஃபர் அதுல இல்லை. நிரல்காரரே தூரத்துலேர்ந்து கிட்ட வரைக்கும் வரிசைப்படுத்திக் கொடுக்கணும். மறுபடி போஸ்டர் மேல போஸ்டர்.

நாட்டி டாக் கம்பெனியில ஆண்டி கேவின், டேவ் பேகட் குழு கிராஷ் பேண்டிகூட் செஞ்சாங்க (1996). அதுல கேமரா ஒரு தண்டவாளத்துல போகும், நாம திருப்ப முடியாது. அதனால கேமரா எந்த இடத்துல இருந்தா எந்த முக்கோணம் தெரியும், எந்த வரிசையில வரையணும்கிறதை சிலிக்கான் கிராஃபிக்ஸ் மெஷின்கள்ல முன்கூட்டியே கணக்குப் போட்டு டிஸ்க்ல எழுதிட்டாங்க. பிளேஸ்டேஷன் கோனார் நோட்ஸ் பார்த்துப் பரீட்சை எழுதற மாதிரி அதைப் படிச்சு வரைஞ்சது :-) கட்டத்தை 64 கிலோபைட் துண்டுகளா நறுக்கி, நடக்க நடக்க டிஸ்க்லேர்ந்து இழுத்துக்கிட்டாங்க. கிராஷ் என்ற அந்தப் பொம்மை 512 முக்கோணம். உடம்புல டெக்ஸ்சர் போட்டது முதுகுப் புள்ளிக்கும் ஷூ லேசுக்கும் மட்டும். மத்ததெல்லாம் வெறும் நிறம். வெறும் நிறத்தை அந்தச் சில்லு வேகமா வரையும் என்பதால, மிச்சம் பிடிச்ச நேரத்துல முகபாவனையை நல்லாக் கொண்டு வந்தாங்க.

அதே 1996-ல் நின்டெண்டோ 64-ல் சூப்பர் மரியோ 64 வந்தது. அதுல கேமராவைத் திருப்பலாம், எங்க வேணாலும் ஓடலாம். ஆனா பக்கத்துல வச்சுப் பார்த்தா கிராஷின் காடு அடர்த்தி, மரியோவின் மலை மொழுக்கு. ஒருத்தர் சுதந்திரத்தை விற்று அழகை வாங்கினார், இன்னொருத்தர் அழகை விற்று சுதந்திரத்தை வாங்கினார். எது சரின்னு கேட்டா, ரெண்டு பேரும் என்ன விற்கிறோம்னு தெரிஞ்சே வித்தாங்க என்பதுதான் என் பதில்.

இந்தக் கதையில ஒரு வருத்தமும் உண்டு. ஸ்டார் ஃபாக்ஸ் 2-ஐ ஆர்கோனாட், நின்டெண்டோ ஆட்கள் 1995-ல் முடிச்சே வச்சிருந்தாங்க. நினைச்ச பக்கம் திரும்பலாம், கால் முளைச்சு நடக்கும் கப்பல் என்று முதல் பாகத்தின் தண்டவாளத்தை உடைச்ச விளையாட்டு. ஆனா பிளேஸ்டேஷனும் சாட்டர்னும் கடைக்கு வந்தாச்சு, நின்டெண்டோ 64-உம் வரப்போகுது. இந்த நேரத்துல பழைய கன்சோலில் இதை விட்டா ஒப்பிட்டுச் சிரிப்பாங்கன்னு மூட்டை கட்டிட்டாங்க. அதிகாரபூர்வமா வெளிவந்தது 2017-ல், சூப்பர் நின்டெண்டோ கிளாசிக் பெட்டியில. 22 வருஷம்! வித்தையில குறையில்லை. "ஓட்டை மெஷின்" என்று ஊர் சிரிக்கும் என்கிற பயம்தான்.

* * *

இப்ப என் விஷயத்துக்கு வர்றேன். மறுநாள் ஒரு பழைய 2 ஜிபி போனை வாங்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். ஜெஸ் சான் மாதிரி சில்லு செய்ய வேண்டியதில்லை, பி.எஸ்.பி மரமும் வேண்டியதில்லை. ஒரே கேள்விதான் கேட்டேன்: யாருக்கும் தெரியாத எதையெல்லாம் நாம வரைஞ்சுக்கிட்டு இருக்கோம்?

ஊர் முழுக்க இருக்கிற எல்லா டெலிவரிக்கும் மேப்ல குறி. தெரியறது அஞ்சாறு, வரையறது நானூத்துச் சொச்சம். அது போதாதுன்னு, மேல வேற பக்கம் திறந்து மேப்பை முழுசா மறைச்ச பிறகும், அது அடியில நொடிக்கொரு தரம் தன்னைத்தானே புதுசா வரைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. போஸ்டர் மேல போஸ்டர். எழுதினது யாருன்னு பழைய பதிவேட்டைப் பார்த்தேன். அடியேன்தான். ஹி ஹி.

அரை நாள் வேலை. இப்ப அந்தப் பழைய போன்ல மேப் வழுக்கிக்கிட்டு நகருது. புகாரை மூடியாச்சு. மீட்டிங்ல யாரும் ஒண்ணும் சொல்லலை, சரியா ஓடறதை யார் கவனிக்கப் போறாங்க. எங்கேயோ ஒரு பையன் வண்டியை ஓரங்கட்டாம அடுத்த தெருவுக்குத் திரும்பியிருப்பான், அது போதும்.

டிஸ்கி: நீங்க நிரல் எழுதறவரா இருந்தா உங்க வீட்ல இருக்கிறதிலேயே பழைய போனைத் தேடி எடுத்து, நீங்க செஞ்சதை அதுல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அப்புறம் சிரிக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கலாம்.